நீ நன்றி சொல்லவில்லை

அக்கா,

இன்று காலை தபால்காரர் ஒரு பெரிய உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தவுடன் புது அச்சு மை வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே வழவழவென்று ஒரு புத்தகம். அட்டையில் நீ.

கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். நீலப் பூப்போட்ட நைலக்ஸ் புடவை, கல் தோடு, நெற்றியில் வியர்வை. படத்துக்குக் கீழே தடித்த ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறார்கள், ‘மக்கள் சம்மதிக்கிறார்கள்’ என்று. கூடவே ஒரு கடிதம். இன்னும் சில மாதங்களில் இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கப் போகிறதாம். வரப்போகும் நூறு வருஷத்தில் உலகம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சாதாரண ஜனங்களையும் கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம். அதற்காக அம்பத்தூரில் மறுபடியும் ஒரு கூட்டமாம். நான் வந்து மொழிபெயர்க்க வேண்டுமாம். நீ செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அட்டையை மாற்றியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வயிறு எரிகிறது அக்கா. அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி. புத்தகத்தை மூன்று முறை குப்பைக்கூடையில் போட்டேன், மூன்று முறையும் எடுத்து உன் முகத்தைத் துடைத்து மேசையில் வைத்தேன். அதற்கப்புறம்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனிக்கு நான் டைப்பிஸ்டாக வந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? எண்பதுகளின் நடுவில். அப்பாவுக்கு அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை. கான்வென்டில் படித்த திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது. நீ பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டிக்கொண்டிருந்தாய். வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தால், மெஷின் சத்தத்தில் காதைப் பொத்தாமல் நிற்க முடியாது. எண்ணெய்க் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு நீ கத்தினாய், “இன்னா டைப்பு, ஃபேன் காத்துல குந்திகினு கீற பொண்ணு இங்க இன்னாத்துக்கு வந்தே? எங்க பேர எழுதிகினு போய் குடுக்கவா?”

அன்றிலிருந்து கடைசிவரை நான் உனக்கு டைப்புதான். என் ஞானஸ்நானப் பெயரை நீ ஒரு நாளாவது சொன்னதில்லை.

பேர் எழுதுவதைப் பற்றி நீ சும்மா கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு முந்தைய வருஷம் கேட் மீட்டிங்கில் யாரோ ஒரு தொழிற்சங்கத் தலைவர் பேசி முடித்து, “ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க” என்றாராம். நீங்கள் ஆறு பெண்கள் தூக்கினீர்கள். மாடியிலிருந்து யாரோ பார்த்துப் பேர் எழுதிக்கொண்டான். மறுநாள் காலை ஆறு பேரையும் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். உன்னை மட்டும் நான்கு மாதம் கழித்து, வேறு ஆள் கிடைக்காமல், திரும்பக் கூப்பிட்டார்கள். மற்ற ஐந்து பேரையும் கூப்பிடவே இல்லை.

அதனால்தான் அந்த டப்பா. நம் தெருப் பெண்கள் சங்கத்தில் யாரும் கை தூக்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். கம்பெனியில் கழித்துப் போட்ட நட்டும் வாஷரும் ஒரு கோணிப்பை நிறையக் கொண்டு வந்து வைத்திருந்தாய். எதை முடிவு செய்வதாக இருந்தாலும் ஆளுக்கு ஒரு நட்டு, ஒரு வாஷர். வேண்டும் என்றால் நட்டு, வேண்டாம் என்றால் வாஷர். முந்தானைக்குள் வைத்து ஒன்றைப் பொத்திக்கொண்டு பால் பவுடர் டப்பாவுக்குள் கையை விட வேண்டும். நட்டு விழுகிற சத்தம் வேறு, வாஷர் விழுகிற சத்தம் வேறு என்று டப்பாவின் அடியில் பழைய துணியை மடித்துப் போட்டாய். “கையத் தூக்கனா பேர எழுதிக்கிறானுங்க. டப்பாவுல கைய உட்டா, இன்னா போட்டேன்னு எந்த நாய்க்குத் தெரியும்?” என்பாய். மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எதிரெதிராகப் போட்டுவிட்டு, ஒன்றாகக் குடம் தூக்கிக்கொண்டு போவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னைச் சங்கத்தின் செயலாளர் ஆக்கியதும் அந்த டப்பாதான். பெருமையாக இருந்தது.

எல்லாம் அந்தக் கிணற்றைச் சுற்றித்தான். தெருவுக்கு ஒரே பொதுக் கிணறு. பின்னால் இரும்புச் சாமானுக்கு முலாம் பூசுகிற பிளேட்டிங் கம்பெனி. அவன் கழுவி விடுகிற தண்ணீர் திறந்த கால்வாயில் நம் தெருவை ஒட்டித்தான் ஓடும். முதலில் வாடைதான் வந்தது. அப்புறம் சோறு மஞ்சளாக வெந்தது. அப்புறம் உன் சின்ன மகளுக்கு உடம்பெல்லாம் புண். நான் எழுதாத மனுவா? நீ ஏறாத படியா? ஒருவன் அடுத்தவனைக் கைகாட்டுவான், அவன் இன்னொருவனைக் கைகாட்டுவான்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் புத்தகத்தை அனுப்பிய அமைப்புக்காரர்கள் வந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். வெளிநாட்டில் தலைமையகம், நகரத்தில் ஒரு கிளை. தண்ணீரைப் பற்றி எங்கேயோ உலக மாநாடு நடக்கப் போகிறது, அதற்கு முன் பல நாடுகளில் சாதாரண மக்களைக் கேட்டு அறிக்கை தயாரிக்கிறோம் என்றார்கள். அம்பத்தூரில் கூட்டம் நடத்த ஆள் சேர்க்கவும், மொழிபெயர்க்கவும் என்னைப் பிடித்தார்கள். நான் சந்தோஷத்தில் மிதந்துகொண்டுதான் உன் வீட்டுக்கு வந்தேன். நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய்.

“எங்கியோ அமெரிக்காவுல குந்திகினு கீறவன் நம்ம கெணத்த இன்னாத்துக்குக் கேக்குறான்?”

“முடிவு யாரைப் பாதிக்குதோ, அவங்களையும் கேட்டுத்தான் முடிவு எடுக்கணுமாம் அக்கா. அதுதான் அவங்க கொள்கை.”

“அத்தத்தானே நாம டப்பா வெச்சுச் செஞ்சுகினு கீறோம்? அவனுங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?”

சிரித்தாய். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “மெய்யாலுமே கேப்பாங்களா டைப்பு?” என்றாய். மெய்யாலுமே கேட்பார்கள் என்று சத்தியம் செய்தேன். அந்தக் கொள்கையில் ஒரு தப்பும் இல்லை அக்கா, இன்றைக்கும் நான் அப்படித்தான் சொல்வேன். அதனால்தான் கோபம் அடங்கவில்லை. பொய்யான விஷயத்துக்கு நம்மைக் கூப்பிட்டிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம்.

தெருவே திரண்டு வந்தது. சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். கோயில் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நீ ஒரு கையில் கிணற்றுத் தண்ணீர் ரொப்பிய பாட்டில், இன்னொரு கையில் டப்பா, தோளில் நட்டு வாஷர் பையோடு வந்தாய். மேடையில் ஒரு வெள்ளைக்கார அம்மா, ஒரு டில்லிக்காரர், நடுவில் மைக்கோடு நான்.

ஒரு மணி நேரம் அவர்கள்தான் பேசினார்கள். பூமி எல்லோருக்கும் பொது, உங்கள் குரல் முக்கியம், உங்கள் குரல் முக்கியம், உங்கள் குரல் முக்கியம். ஐயோ, அன்று எத்தனை முறை அதை மொழிபெயர்த்தேன்! நீ இரண்டு முறை எழுந்து பாட்டிலைக் காட்டினாய். “அப்பால, அப்பால” என்று நானே உன்னை உட்கார வைத்தேன். கடைசியில் டில்லிக்காரர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அறிக்கை. டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார். டைப்பிஸ்டுக்குத் தெரியாதா, அது அன்றைக்கு அடித்ததே இல்லை. நம் ஜனங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, எங்கேயோ ஒரு மின்விசிறிக்குக் கீழே, நம் ஜனங்கள் சொன்னதாக அடித்து முடித்திருந்தார்கள்.

அதில் இருந்தது இது: தண்ணீர் கெடுவதற்கு முதல் காரணம் மக்களின் அறியாமை. குப்பையும் சோப்புத் தண்ணீரும் கொட்டி நாங்களே எங்கள் நீர்நிலைகளைக் கெடுத்தோம். இனி நாங்களே பொறுப்பேற்கிறோம்.

பிளேட்டிங் கம்பெனி இல்லை. கால்வாய் இல்லை. உன் மகளின் புண் இல்லை.

நான் அதை ஆங்கிலத்தில் படித்தேன். புரிந்தது. புரிந்துகொண்டே உங்களிடம் தமிழில் என்ன சொன்னேன் தெரியுமா? “தண்ணீரைக் காப்பாத்த எல்லாரும் சேர்ந்து பாடுபடணும்னு எழுதியிருக்காங்க” என்றேன். அன்று காலைதான் டில்லிக்காரர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார், நகரத்து அலுவலகத்தில் நிரந்தரமாக ஒரு மொழிபெயர்ப்பாளர் வேலை இருக்கிறது, இன்றைக்கு எப்படிச் செய்கிறாய் என்று பார்க்கிறோம் என்று. அந்த வேலைதான் என் நாக்கைப் பிடித்துக்கொண்டது. வேறு சாக்கு எதுவும் சொல்லமாட்டேன்.

நீ டப்பாவைத் தூக்கிக் காட்டினாய். “கை தூக்கறது வோணாம்மா. நாங்க இதுலதான் போடுவோம்.” நான் விளக்கினேன். வெள்ளைக்கார அம்மா கைதட்டிச் சிரித்தாள், டப்பாவைப் படம் எடுக்கச் சொன்னாள். பத்து படம் எடுத்தார்கள். ஆனால் டப்பாவில் போட மட்டும் நேரமில்லையாம். பூந்தமல்லியில் அடுத்த கூட்டம், வண்டி காத்திருக்கிறதாம். கை தூக்கினால் போதுமாம்.

நம் பெண்கள் யாரும் தூக்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அப்போது நான் என்ன செய்தேன்? மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, “இப்படித் தூக்குங்க, பயப்படாதீங்க, நம்ம கூட்டம்தானே” என்று வலது கையைத் தூக்கிக் காட்டினேன். நம்ம டைப்பே தூக்குறாளே என்று ஹால் முழுக்கக் கைகள் எழுந்தன. அத்தனை வருஷம் நீ கட்டிக் காத்த சட்டத்தை ஒரு நிமிஷத்தில் நான் உடைத்தேன்.

நீ மட்டும் தூக்கவில்லை. எல்லோரும் இறக்கிய பிறகு எழுந்து நின்று கையைத் தூக்கிக் கத்தினாய். “இரு! நிறுத்து! அந்தக் காய்தத்துல இன்னா எழுதிகீதுன்னு மொதல்ல வரிவரியா படி. அப்பால கை தூக்கறதா வோணாமான்னு சொல்றோம்.”

அப்போதுதான் கேமரா பளிச்சென்றது.

வெள்ளைக்கார அம்மா என் பக்கம் திரும்பினாள். “என்ன சொல்கிறார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“நன்றி சொல்கிறார்” என்றேன்.

அவள் நெஞ்சில் கை வைத்து உனக்குக் கும்பிடு போட்டாள். நீ ஒன்றும் புரியாமல் நின்றாய். பிறகு சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். உன் பாட்டில் மேடை ஓரத்திலேயே கிடந்தது, நீதான் திரும்பப் போய் எடுத்து வந்தாய். தெருமுனை வந்ததும், “நான் சொன்னத சொன்னியா?” என்று கேட்டாய்.

“சொன்னேன் அக்கா.”

“அதுக்கா அந்தம்மா கும்புட்டுச்சு?”

“ஆமா.”

நீ என்னை நம்பினாய். எனக்கு வேலை கிடைத்தது.

அறிக்கை புத்தகமாக வந்தபோது நான் அந்த அலுவலகத்தில் இருந்தேன். உன் படம் உள்ளே முழுப் பக்கத்துக்கு. ஒரு பிரதியைக் கொண்டுவந்து உன்னிடம் காட்டுவதாக முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். நீ கேட்கும்போதெல்லாம், “இன்னும் வரலை அக்கா” என்றேன். வெட்கங்கெட்டவள்.

நீயோ சும்மா இருக்கிற ஆளா? பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏதோ ஓர் அதிகாரியைப் பார்க்கப் போயிருக்கிறாய். அவர் மேசைமேல் அந்தப் புத்தகம் இருந்திருக்கிறது. பிளேட்டிங் கம்பெனிக்காரன் கொண்டுவந்து கொடுத்தானாம். அவர் பக்கத்தைப் புரட்டி உன் படத்தை உனக்கே காட்டி, “குப்பை கொட்டிக் கெடுத்தது நாங்கதான்னு உங்க தெருவே ஒத்துக்கிட்டிருக்கே? நீயே கை தூக்கியிருக்கியேம்மா! இப்ப வந்து கம்பெனி மேல பழி போட்டா எப்படி?” என்றாராம். அடப்பாவிகளா. உலகத்துக்கே கேட்கட்டும் என்று நீ போட்ட சத்தத்தை எடுத்து உன் வாயையே அடைத்தார்கள்.

அன்று சாயங்காலம் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் எனக்காகக் காத்திருந்தாய். ரயிலிலிருந்து இறங்கும்போதே உன் முகம் பார்த்துத் தெரிந்துவிட்டது.

“ஒரே கேள்வி டைப்பு. டபாய்க்காம சொல்லு. அன்னிக்கு நான் சொன்னத சொன்னியா, இல்லியா?”

“இல்லை.”

“இன்னா சொன்னே?”

“நீ நன்றி சொல்றேன்னு சொன்னேன்.”

நீ அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். உனக்கா கெட்ட வார்த்தைக்குப் பஞ்சம்? நீ திரும்பித் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டாய்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது தெருவில் டப்பா வைத்திருந்தது. எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லியிருந்தாய், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேள்வி ஒன்றுதான். நான் இனிமேலும் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கலாமா, கூடாதா? என் கண் முன்னாலேயே ஒவ்வொருத்தியாக முந்தானைக்குள் கையை வைத்து எடுத்தார்கள். நான் சுவரோடு நின்றேன். டப்பாவைப் பாயில் கவிழ்த்தாய். எல்லாம் நட்டு. ஒரே ஒரு வாஷர்.

எனக்கு அழுகை வந்தது. மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர்களோ, இவளும் போய்விட்டால் மனு எழுத யாரைத் தேடுவது என்ற கவலையில் போட்டிருந்தார்கள் என்பது அப்புறம் புரிந்தது. ஏழைக்குக் கோபப்படக்கூட வசதி வேண்டியிருக்கிறது.

எல்லோரும் கலைந்த பின் நீ அந்த வாஷரைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாய்.

“யார் போட்டதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது, அது நான் வெச்ச சட்டம். ஆனா உங்கிட்ட ஒளிக்க மாட்டேன். இது என்னுது. வெச்சிக்க.” அதற்கப்புறம் அதே மூச்சில், “டீ குடிச்சியா?” என்று கேட்டாய்.

அதன்பிறகும் நீ என்னோடு பேசினாய், என் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரத்தைச் சாப்பிட்டாய், மகள் சடங்குக்கு என்னைத்தான் முதலில் அழைத்தாய். ஆனால் உன் வார்த்தையை எடுத்துப் போய் இன்னொருவரிடம் சொல்லும் வேலையை மட்டும் எனக்குத் தரவே இல்லை. அந்த அலுவலகத்தை நானாகத் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன் என்று பீற்றிக்கொள்ள எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. திட்டம் முடிந்தது, போகச் சொன்னார்கள், வந்தேன்.

கிணற்றை இப்போது சிமென்ட் பலகை போட்டு மூடிவிட்டார்கள். தண்ணீர் லாரி வருகிறது. பிளேட்டிங் கம்பெனி பக்கத்து மனையையும் வாங்கிப் பெரிதாகிவிட்டது. உனக்குச் சிறுநீரகம் போயிற்று. அந்தத் தண்ணீரால்தான் போயிற்று என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். உன் பெயரில் இன்னொரு முறை, நீ சொல்லாததை நான் சொல்லக் கூடாது. ஆனால் கடைசி மாதத்தில் ஒரு நாள், கட்டிலில் படுத்தபடி நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “அவங்க நம்மளக் கேட்டது தப்பில்ல டைப்பு. கேட்டுட்டு பதிலயும் அவங்களே எழுதிக்கினாங்க பாரு, அதான்.”

அதான் அக்கா. அவர்களுக்கு உன் முகம் வேண்டும், தூக்கிய கை வேண்டும், பூப்போட்ட புடவை வேண்டும். வாய் மட்டும் வேண்டாம். வாய்க்கு என்னைப் போன்ற ஒருத்தி போதும்.

மத்தியானம் அப்பாவின் பழைய டைப்ரைட்டரைத் தூசு தட்டி எடுத்து, அவர்களுக்குப் பதில் அடித்தேன். ஆங்கிலத்தில், நல்ல ஆங்கிலத்தில். நீங்கள் அட்டையில் போட்டிருக்கும் பெண் இப்போது உயிரோடு இல்லை. அவள் சம்மதித்துக் கை தூக்கவில்லை. நிறுத்துங்கள் என்றாள். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வரிவரியாகப் படிக்கச் சொன்னாள், அதற்கப்புறம்தான் கை தூக்குவதா வேண்டாமா என்று சொல்வோம் என்றாள். நன்றி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை, அது நான் இட்டுக்கட்டியது. அட்டையை மாற்றுங்கள். கூட்டத்துக்கு வருகிறேன், ஆனால் எழுதி முடித்த தாளோடு நீங்கள் வரக் கூடாது. கை தூக்கச் சொல்லக் கூடாது. டப்பா நாங்கள் கொண்டு வருவோம், எண்ணி முடிக்கிறவரை உங்கள் வண்டி காத்திருக்கட்டும். இவ்வளவுதான் கடிதம். ஒரு பிரதியை உன் படத்தை உனக்கே காட்டிய அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கும் அனுப்பினேன், அவர் இப்போது அங்கே இருக்கிறாரோ இல்லையோ.

உன் மகளிடம் போய்க் கேட்டேன், டப்பா இருக்கிறதா என்று. பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அடியில் அந்தத் துணி மடித்தபடியே இருக்கிறது. “எங்கம்மா சொன்னத மெய்யாலுமே எழுதிட்டியா அத்தே?” என்று உன்னை மாதிரியே என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். நகலைக் கையில் கொடுத்தேன். பத்தாவது படித்தவள், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

அன்று தெருமுனையில் நீ கேட்டதற்கு, பதில் இதுதான். சொன்னேன் அக்கா. ஏழெட்டு வருஷம் கழித்து, நீ கேட்க முடியாத நேரத்தில், சொல்லிவிட்டேன்.

உறையை ஒட்டுவதற்கு முன், அந்த வாஷரையும் உள்ளே போட்டு அனுப்பலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வேண்டாம் என்று திரும்பப் பர்ஸிலேயே வைத்துவிட்டேன். அது அவர்களுக்கு நீ போட்டதில்லை. எனக்குப் போட்டது.